காகிதத்தில் சுற்றிய நாணம்

ஆனி பிறந்து, மேற்கு மலையின் முகட்டில் மேகம் படியத் தொடங்கிவிட்டால், குற்றாலம் கோலாகலம் கொண்டுவிடும். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் மக்கள் சாரிசாரியாகச் செல்வர். எண்ணெய் தேய்த்துவிட ஆளுண்டு. மங்குஸ்தான் பழம் விற்க ஆளுண்டு. நனைந்த துணியோடு நடுங்கியபடி சுடச்சுடத் தேநீர் பருகிடும் இன்பமும் உண்டு. செல்வர் தலை, ஏழை தலை என்று பாராமல், இன்ன சாதியான் என்று கேளாமல், எல்லாத் தலையிலும் ஒரேவிதமாக விழுகிறது நீர். இயற்கை வழங்கும் கொடையிலே இரகசியம் இல்லை. முகம் பார்த்து வழங்கும் வழக்கமும் இல்லை. மனிதன் வழங்குவதில்தான் இத்தனையும் இருக்கின்றன. இதனை நாம் அருவிக்கரையில் உணரவில்லை. அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள தென்காசியில், ஒரு மருந்துக்கடையின் வாயிலில் நின்றபோது உணர்ந்தோம்.

அருவியில் ஆடியதற்கு வரியாகத் தும்மல் வந்தது. தும்மலுக்கு மாத்திரை வாங்கச் சென்றோம். மாலை நேரம், கடையிலே கூட்டம். கால் மணி நேரம் காத்து நின்றோம். அதற்குள் மூவர் நமக்கு முன்னே மருந்து வாங்கிச் சென்றனர்.

முதலாமவர் ஒரு தந்தை. குழந்தைக்குக் காய்ச்சல். கடையில் இருந்த மருந்தாளுநர் புட்டியைக் கையிலே எடுத்து, "நல்லாக் குலுக்கிக் கொடுங்க. இந்த மூடியிலே இந்தக் கோடு வரைக்கும்தான். ஆறு மணி நேரத்துக்கு முன்னே மறுபடி கொடுக்காதீங்க" என்று பொறுமையாக விளக்கினார். கேட்டு மகிழ்ந்தோம். மருந்தையும் தந்து, அதனைப் பயன்படுத்தும் அறிவையும் தருகிறாரே, இவரன்றோ மருந்தாளுநர் என்று எண்ணினோம்.

இரண்டாமவர் நடுவயது அம்மையார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை எங்க ஊர்க் கோயில் கொடை. நாள் தள்ளிப்போற மாத்திரை குடுங்க" என்றார். கூச்சமின்றிக் கேட்டார், கூச்சமின்றியே விடையும் வந்தது. "இன்னைக்கே ஆரம்பிச்சிரு தாயி. நாளைக்கு மூணு வேளை." மருத்துவர் சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை, இரத்த அழுத்தம் உண்டா, காலில் எப்போதேனும் இரத்தம் உறைந்ததுண்டா என்றும் கேட்கவில்லை.

மூன்றாமவன் ஓர் இளைஞன். மணமாகிச் சில திங்களே ஆகியிருக்கலாம். கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நின்றான். பிறகு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். மருந்தாளுநர் அதைப் பார்த்தார், நிமிர்ந்து நம்மையும் பார்த்தார், கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார், பழைய நாளிதழில் சுற்றினார், கறுப்புப் பையிலே போட்டார், நீட்டினார். கருத்தடை மாத்திரை! எப்போது தொடங்குவது? ஒரு நாள் மறந்தால் என்ன செய்வது? யார் உண்ணக்கூடாது? ஒரு சொல் இல்லை! அவனும் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. பணம் கைமாறிற்று, பை கைமாறிற்று, அறிவு மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது.

நாமும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தோம். வாய் திறந்தோமா? இல்லை. ஆகவே, இதனை எழுதும் நாம் குற்றமற்றவர் என்ற கோலத்தோடு எழுதவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

இதென்ன பெரிய செய்தி, பேச வேண்டியதைப் பேசாமல் விட்டார் ஒருவர், அதற்கொரு கட்டுரையா என்று கேட்போர் இருப்பர். அவர்களுக்காக, நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கூறுகிறோம்.

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர்கள் பல. அவற்றுள் ஒன்றிலே ஒரு பெண். இரண்டு குழந்தைகளின் தாய். மூன்றாவது இப்போதைக்கு வேண்டாம் என்று கணவனும் மனைவியும் கூடி முடிவெடுத்து, கருத்தடை மாத்திரை உண்டு வந்தாள். இடையிலே காசநோய் கண்டது. அரசு இலவசமாக மருந்து தந்தது. ஆறு திங்கள் ஒரு நாளும் விடாமல் உண்ண வேண்டும் என்றார்கள்; சிறுநீர் செந்நிறமாகப் போகும், அஞ்ச வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். நல்லவர்கள். அவளும் இரண்டு மருந்தையும் தவறாமல் உண்டாள். ஐந்தாம் திங்கள், கருவுற்றிருப்பது தெரிந்தது.

"நீ ஒழுங்காப் போட்டிருக்க மாட்ட" என்றான் கணவன். "வேணும்னே மறந்திருப்பா" என்றார் மாமியார். அவள் அடுக்களைப் பரணிலிருந்து, தீர்ந்துபோன அட்டைகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனாலும் நம்புவாரில்லை. அட்டையை வெறுமையாக்குவது கடினமா என்ன என்றது வீடு! பிறகு ஒரு செவிலியர்தான் உண்மையைச் சொன்னார். காசநோய்க்குத் தரும் மருந்துகளுள் ரிஃபாம்பிசின் என்பது ஒன்று. அது கல்லீரலைத் தூண்டிவிட்டுக் கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன்களை விரைவில் சிதைத்துவிடும். அதை உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கும், மாத்திரையை மட்டும் நம்பியிருக்கலாகாது. காப்பர்-டி, மூன்று திங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி, ஆணுறை என வேறு வழி தேட வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பன்று. மருந்தியல் பாடநூலில் பல்லாண்டுகளாக இருந்துவரும் பாடம்.

குழந்தை பிறந்தது. நோயும் தீர்ந்தது. தாய் தேறிவிட்டாள். ஆனால் அந்த வீட்டிலே அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பு தேறவில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். இந்தக் கதையிலே பொய் சொன்னவர் யார்? ஒருவருமில்லை! காசநோய் மருந்து தந்தவர் சரியான மருந்தையே தந்தார். கருத்தடை மாத்திரை விற்றவர் போலியை விற்கவில்லை. கூடுதல் விலை வாங்கவில்லை. அவள் கேட்டதைக் கொடுத்தார், கேளாததைச் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஆயினும் ஒரு பெண்ணின் உடலும் மானமும் பலியாயின. பொய்யர் இல்லாத இடத்தில் இந்தத் தீங்கு எப்படி நுழைந்தது? தெரிந்தவர், தெரியாதவரிடம், கேளாமலேயே சொல்லக் கடமைப்பட்டவரா? இதுதான் நம் முன் உள்ள கேள்வி.

வாய்மை என்பது யாதென்று கேட்டு, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுத்தார் வள்ளுவர். அந்த அளவுகோலைச் சொல்லுக்கு மட்டுமா பிடிப்பது? மௌனத்துக்கும் பிடித்துப் பார்ப்போம். தீங்கு பயக்கும் சொல் வாய்மை ஆகாதெனில், தீங்கு பயக்கும் மௌனம் மட்டும் எப்படி நேர்மையாகும்?

"அரிசி விற்பவன் சோறு ஆக்கும் முறையையும் சொல்லித் தர வேண்டுமோ?" என்று கேட்பர் சிலர். வேண்டியதில்லை. ஏன்? சோறு ஆக்கும் முறை எல்லா வீட்டிலும் உண்டு. அரிசி விற்க எவருக்கும் உரிமையும் உண்டு. மருந்துக்கடை அப்படியா? 1948-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம், மருத்துவர் எழுதித் தரும் மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறெவரும் எடுத்துக் கொடுத்தலாகாது என்று வேலியிட்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டில் வெளியான மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள், மருந்தை எப்படி உண்பது, என்ன விளைவு வரும், எதோடு சேர்த்து உண்ணலாகாது என்பதையெல்லாம் நோயாளிக்கு எடுத்துரைப்பதை அவர் பணியின் பகுதியாகவே வைத்தன. இந்த வேலி எதற்கு? அவருக்கு வாணிபப் பாதுகாப்பு அளிக்கவா? இல்லை. மருந்து என்னும் கத்தியைக் கூர் தெரிந்தவர் கையிலிருந்தே மக்கள் பெற வேண்டும் என்பதற்காக! பிறரை வெளியே நிறுத்திவிட்டு, திறவுகோலை ஒருவரிடம் தந்திருக்கிறது சமுதாயம். அடுக்கிலே உள்ள பண்டம் அவருடையதாக இருக்கலாம். அந்தப் பண்டத்தைப் பற்றிய அறிவு, அவரிடம் நாம் ஒப்படைத்த வைப்புப் பொருள். வைப்புப் பொருளைக் கேட்டால்தான் தருவேன் என்பது முறையா, அதுவும் அப்படி ஒரு பொருள் இருப்பதே உரியவருக்குத் தெரியாதபோது?

குற்றாலத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2024-ஆம் ஆண்டு மே திங்களில் பழைய அருவியிலே திடீரென வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்ததை நாடறியும். குளிக்கும் மக்களுக்கு முன்னெச்சரிக்கை வேண்டும் என்றுதான் அதன் பிறகு எல்லோரும் கூறினார்களேயொழிய, "குளிப்பவர்கள் கேட்கவில்லையே, நாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கூறியவர் எவருமில்லை. நீரின் நிறம் மாறுவதை மேலே நின்று பார்ப்பவன், கீழே நிற்பவனுக்குக் குரல் கொடுத்தே தீர வேண்டும். கேள்வி கேட்க அவனுக்குத் தெரியாது. தெரியாமைதான் அவனுடைய ஆபத்தே! மருந்தாளுநர் நிற்கும் இடம், மேலே உள்ள அந்தப் பாறை.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தை இயற்றித் தருபவன் என நான்கு. மூன்றோடு நிறுத்தவில்லை. மருத்துவன் அறிவாளியாயிருந்து, மருந்தும் நல்லதாயிருந்து, இடையிலே நின்று தருபவன் தவறினால் மருத்துவமே தவறும் என்பதை உணர்ந்தே நான்காமவனுக்கு இடம் தந்தார். இந்நாளில் அந்த நான்காம் இடத்தில் நிற்பவர்களுள் மருந்தாளுநரும் ஒருவர். சிற்றூர்களிலே பல நாள்களில் மருத்துவருக்கு முன்னே மக்கள் காண்பது அவரைத்தான்.

சரி, இந்த மாத்திரையைப் பற்றி அவர் சொல்ல வேண்டியதுதான் என்ன? பெரிய புராணமா? இல்லை. சில செய்திகளே.

அரசு மாலா-என் என்ற பெயரில் இலவசமாகத் தரும் அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றுள் 21-இல் ஹார்மோன் உண்டு. எஞ்சிய 7 இரும்புச்சத்து. நாள்தோறும் ஒன்று, அதே நேரத்தில். மாதவிலக்குத் தொடங்கி 5 நாள்களுக்குள் உண்ணத் தொடங்கிவிட்டால் வேறு காப்பு வேண்டியதில்லை. ஹார்மோன் மாத்திரை ஒன்றை மறந்தால், நினைவு வந்ததும் உண்டுவிட்டு வழக்கம்போல் தொடரலாம், கேடில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், நினைவு வந்ததும் ஒன்றை உண்டு, தொடர்ந்து உண்டு வர வேண்டும். அடுத்த 7 நாள்களுக்கு ஆணுறையும் வேண்டும். மறந்தது மூன்றாம் வாரத்திலே என்றால், இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டுப் புதிய அட்டையைத் தொடங்கிவிட வேண்டும். இவ்வளவுதான் மறதிக்கு மருந்து. ஆனால் இதைச் சொல்லாததால் விளையும் வேறுபாட்டைப் பாருங்கள். தவறின்றி உண்டால் ஓராண்டில் 1,000 பெண்களுள் 3 பேர் அளவுக்கே கருவுறுவர் என்கிறது மருத்துவம். நடைமுறையில், மறதியும் குழப்பமுமாக உண்ணும்போது, 100 பேரில் 7 பேர் கருவுறுகின்றனர். மாத்திரை ஒன்றே! மூன்றுக்கும் எழுபதுக்கும் இடையிலுள்ள தூரத்தின் பெரும்பகுதி அறிவின் தூரம்.

யார் உண்ணலாகாது என்பதும் உண்டு. உயர்ந்த இரத்த அழுத்தம் உள்ளவர், முன்பு இரத்தக்குழாயில் கட்டி உறைந்தவர், கண்ணிலே ஒளிக்கீற்றுத் தோன்றிப் பின் ஒற்றைத் தலைவலி வருபவர், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர், பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆகிப் பாலூட்டுபவர் ஆகியோருக்கு இந்த இருஹார்மோன் மாத்திரை ஏற்றதன்று. வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும், நாம் கண்ட ரிஃபாம்பிசினும் இதன் ஆற்றலைக் குறைக்கும். ஹார்மோன் வகையைச் சேராத மாத்திரையும் உண்டு. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிலையத்தில் நம் நாட்டு அறிவியலாளர் உருவாக்கியது. 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. பின்னர் அரசுத் திட்டத்திலே சாயா என்ற பெயரில் இடம்பெற்றது. முதல் மூன்று திங்கள் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. நாள்தோறும் உண்ணும் மாத்திரையைப்போல் இதையும் உண்டாலோ, இதைப்போல் அதை உண்டாலோ என்ன ஆகும்? சொல்லாமலே விளங்கும்!

அச்சத்தையும் அளந்து சொல்ல வேண்டும். இரத்தம் உறையும் ஆபத்து உண்டா? உண்டு. மாத்திரை உண்ணாத, கருவுறாத பெண்கள் 10,000 பேரில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு அது நேர்கிறது. மாத்திரை உண்பவரில் 3 முதல் 9 பேருக்கு. கருவுற்றவரில் 5 முதல் 20 பேருக்கு. மாத்திரைக்கு அஞ்சுவோர், கர்ப்பத்துக்கு அஞ்சியதுண்டா? மலடாக்கிவிடும் என்கின்றனர், நிறுத்தினால் கருவுறும் தன்மை மீள்கிறது. புற்று வரும் என்கின்றனர்; மார்பகப் புற்றின் வாய்ப்பு உண்ணும் காலத்தில் சிறிதளவு கூடுகிறது, சூலகப் புற்றும் கருப்பை உட்சுவர்ப் புற்றும் குறைகின்றன. முழுப் பொய்யைவிடக் கொடியது அரை உண்மை. அதற்கு மாற்று, முழு உண்மையைச் சொல்வதே.

மருந்தை விற்று உண்மையை மறைப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் என்று நாம் கூறவில்லை. உலகின் முதல் கருத்தடை மாத்திரை 1960-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்னரே, 1956-இல் தொடங்கி, போர்ட்டோ ரிக்கோத் தீவின் ஏழைப் பெண்களிடம் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. தாம் உண்பது சோதனை நிலையிலுள்ள மருந்து என்பதே அவர்களுக்கு முறையாகக் கூறப்படவில்லை. 1970-இல் அமெரிக்க மேலவைக் குழு இந்த மாத்திரையின் கேடுகளை ஆராய்ந்தபோது, பெண்கள் அவையிலேயே எழுந்து நின்று, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று முழங்கினர். அதன் விளைவாகவே, மாத்திரையோடு அதன் ஆபத்துகளைக் கூறும் தாளும் வைக்கப்பட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. சிறு தாள்தான், ஆனால் போராடிப் பெற்ற தாள்! அந்தத் தாள் இங்கே எறும்பு எழுத்திலே, எவருக்கும் புரியாத மொழியிலே மடங்கிக் கிடக்கிறது. அதை மீண்டும் நாளிதழில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பையையும் போடுகிறோம்.

ஏன் இந்த மௌனம்? நாணம் என்கின்றனர். நாணம் நல்ல குணந்தான். ஆனால் அது எங்கே நாணுகிறது என்று பார்க்க வேண்டாமா? கோயில் கொடைக்காக நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை ஊரறியக் கேட்கலாம், ஊரறியக் கொடுக்கலாம். அதுவும் ஹார்மோன்தான்! மருத்துவர் ஆராய்ந்து தர வேண்டியதுதான்! இரத்தம் உறையும் ஆபத்துடையவருக்கு அதுவும் ஆகாததுதான்! போதாக்குறைக்கு, அதை உண்ணும் நாள்களில் கருத்தடையும் ஆகிவிட்டதென எண்ணி ஏமாறுவோரும் உண்டு. இருந்தும் அதற்கு நாணம் இல்லை. இயற்கையாக வரும் உதிரத்தைத் தீட்டென்று கருதி, அந்தத் தீட்டைத் தள்ளிவைக்க உடலை வருத்தினால் அது பக்தி! எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்று தானே முடிவெடுக்க ஒரு பெண் மாத்திரை உண்டால் அது மறைக்க வேண்டிய செய்தி! ஒரே கடை, ஒரே கை, ஒரே வகை மருந்து. ஒன்றிலே நாவு நடமாடுகிறது. மற்றொன்றிலே நாவு கட்டுண்டு கிடக்கிறது. ஆகவே இது நாணமன்று, தோழர்களே! பெண்ணின் உடல் யாருக்காக என்ற பழைய கேள்விக்கு, நாம் இன்னும் கூறிக்கொண்டிருக்கும் பழைய விடை.

இந்தக் கேள்வியைத் தமிழகம் இன்று புதிதாகக் கேட்கவில்லை. 1930-களிலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார், பேசினார். நாட்டின் வறுமை தீர, மக்கள்தொகை குறைய, தாயின் உடல் நலிவு நீங்க என்று பிறர் காரணம் கூறியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அவர். அந்த வேறுபாடு சிறிதன்று. எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதே நோக்கமானால், பெண்ணுக்கு அறிவு தேவையில்லை. அறுவை மேசை போதும். விடுதலை நோக்கமானால், அறிவு இல்லாமல் முடியாது.

நாம் எந்த வழியிலே நடந்தோம் என்பதை 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. பெருமைதான். ஆனால் மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை உண்பவர் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஆண்கள்? நாடு முழுவதும் எடுத்தாலும் ஆணுக்கான அறுவை 0.3 விழுக்காடு! இரண்டு பிள்ளை பெறு, மேசையில் படு என்ற ஒரே பாதையைப் பெண்ணுக்குக் காட்டினோம். முதல் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் இடையிலே மூச்சு விடவும், படிப்பை முடிக்கவும், வேலையில் அமரவும், நோயிலிருந்து தேறவும் வழி உண்டு என்பதை எத்தனை பேருக்குச் சொன்னோம்? அறுவையை நாம் குறை கூறவில்லை. வழிகள் பல இருக்க ஒன்றை மட்டும் காட்டுவது தேர்வு ஆகுமா என்றுதான் கேட்கிறோம்.

"இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பேசினால் ஒழுக்கம் கெடும்" என்பார் உண்டு. மௌனத்தால் விற்பனை நின்றதா? இல்லையே! அட்டை விற்கிறது, விளக்கம்தான் விற்கவில்லை. ஆகவே மௌனம் ஒழுக்கத்தைக் காக்கவில்லை; அறியாமையைக் காக்கிறது. அவசரகாலக் கருத்தடை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் சீட்டின்றியே அதை விற்கலாம் என்று 2005-இல் நடுவண் அரசு விலக்களித்தது. அதற்குப் பின்னரும், தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் அது கிடைப்பதில்லை என்று நாளேடுகள் ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தன. கேட்டால், கருக்கலைப்பு மாத்திரை நாங்கள் வைப்பதில்லை என்று விடை கூறுவோரும் உண்டு. அது கருக்கலைப்பு மாத்திரையே அன்று! முட்டை வெளிப்படுவதைத் தடுப்பது அல்லது தள்ளிப்போடுவதே அதன் வேலை. 72 மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு பயன். கரு தரித்துவிட்ட பின் அதனால் அதைக் கலைக்க இயலாது. கருக்கலைப்புக்கான மருந்து வேறு. அது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவர் மேற்பார்வையில் தரப்பட வேண்டியது. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கதவடைப்பவர், கருக்கலைப்பைத் தடுத்தவராகவில்லை. தடுத்திருக்கக்கூடிய கர்ப்பத்தை வரவிட்டு, பின்னர் கலைப்புக்கு ஆள் அனுப்பி வைத்தவராகிறார்.

"என் மனச்சான்று இடந்தரவில்லை" என்று ஒருவர் கூறினால்? மனச்சான்றை நாம் மதிக்கிறோம். ஆனால் மனச்சான்று உண்மையின்மீது நிற்க வேண்டும். தவறான செய்தியின்மீது நின்றால் அது மனச்சான்றல்ல, மயக்கம். முதலிலே அறிந்துகொள்ளட்டும். அறிந்த பின்னும் கை கூசினால், அந்தக் கூச்சத்தின் விலையைக் கடை வாயிலில் நிற்கும் பெண் தலையில் கட்டாமல், எங்கே கிடைக்கும் என்றாவது சொல்லட்டும். மருந்தாளுநர் நீதிபதி அல்லர். தாலி இருக்கிறதா என்று கழுத்தைப் பார்ப்பது அவர் பணியன்று. இரத்த அழுத்தம் என்ன என்று பார்ப்பதே அவர் பணி.

மருந்தாளுநர்களைக் கூண்டிலேற்றுவது நம் நோக்கமன்று. நாள் முழுதும் நின்றே பணியாற்றும் அவர்கள் பெறும் ஊதியம் கொஞ்சம். கூட்டம் நெருக்குகிறது. "உமக்கெதற்கு இந்த விசாரணை?" என்று சீறும் கணவன்மாரும் உண்டு. சான்றிதழ் சுவரிலே தொங்க, சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகளும் உண்டு. அங்கே கேட்டாலும் சொல்ல ஆளில்லை. படிப்பு முடிந்து இருபது ஆண்டு ஆனவருக்குப் புதிய செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் போதவில்லை. அறிவைக் கடமையாக்கும் சமுதாயம், அந்த அறிவைப் பெறும் வாய்ப்பையும் தர வேண்டும் அல்லவா?

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. கடையின் ஓரத்தில் ஒரு திரை, ஒரு முக்காலி, ஓர் இரத்த அழுத்தக் கருவி. வாங்க வந்தவர் கணவனாயின், உண்ணப்போகும் பெண்ணுக்காகப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் ஒரு தாள். "வேறு மருந்து ஏதும் உண்கிறாரா? இரத்த அழுத்தம், கட்டி உறைந்த நோய் உண்டா? மறந்தால் என்ன செய்வது தெரியுமா?" என மூன்றே கேள்வி. மூன்று கேள்விக்கு மூன்று மணித்துளி ஆகாது. அந்த முதற்கேள்வியை எவரேனும் கேட்டிருந்தால், பீடி சுற்றும் அந்தப் பெண் காலி அட்டைகளை எண்ணிக் காட்டித் தன் நேர்மையை மெய்ப்பிக்க நேர்ந்திராது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் வந்தன, பலகைகள் வந்தன. மூன்று கேள்விகளும் வரட்டும்.

அன்று மாலை, மூவருக்குப் பின் நம் முறை வந்தது. தும்மலுக்கு மாத்திரை தந்த அதே மருந்தாளுநர், நாம் கேளாமலேயே சொன்னார்: "ஐயா, இதைப் போட்டா தூக்கம் வரும். ராத்திரி வண்டி ஓட்டாதீங்க." நன்றி கூறி வந்தோம். வழியெல்லாம் அந்தச் சொல் நம்மைக் குத்திக்கொண்டே வந்தது. தும்மலுக்குக் கிடைத்த அந்த ஒரு வாக்கியம், நமக்கு முன் நாளிதழில் சுற்றிய பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனானே, அவன் வீட்டிலே காத்திருக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. சொல்லத் தெரியாதவர் அல்லர் அவர். சொல்லலாம் என்று அவருக்கு நாம் இன்னும் சொல்லவில்லை.